கப்பலிலிருந்து ஷிப்ட் வரை: நம் வட்டாரத்தில் மாப்பிள்ளை மாறிய வரலாறு



திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு ஆகிய நம் வட்டாரத்தில் இன்று சம்பந்தம் பேச அமர்ந்தால், பெண் வீட்டாரிடமிருந்து முதலில் வரும் கேள்வி மாப்பிள்ளையின் தொழுகையைப் பற்றியதன்று. "கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட்டா?" என்பதே முதற்கேள்வி. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் "சபுரில் இருக்கிறாரா, ஊரில்தானா?" என்று கேட்டார்கள். அதற்கும் முந்திய தலைமுறையில் ரங்கூனிலோ பினாங்கிலோ கடை உண்டா என்று விசாரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் இப்போது ஒரு புதிய கேள்வியைக் கற்றுக்கொண்டுள்ளனர்: "பெண் வேலைக்குப் போகிறதா? கையில் எவ்வளவு வருகிறது?"

ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துப் பொருளாதாரம் எழுப்பிய கேள்வியையே மார்க்கத்தின் கேள்வி என நம்பி வந்திருக்கிறது. "ஆம்பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், நம் பெரியவர்கள் காலங்காலமாக இப்படித்தான் இருந்தார்கள்" என்று ஜமாஅத் கூட்டங்களில் அடித்துப் பேசப்படுவதை நாம் கேட்கிறோம். எந்தக் காலம், எந்தப் பெரியவர்கள் என்று ஒருமுறையேனும் கேட்டுப் பார்ப்பது நல்லது. அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே, பழவேற்காட்டிலிருந்து தொடங்கலாம்.

காற்றுக்குக் காத்திருந்த கணவர்கள்

பழவேற்காடு இன்று ஏரிக்காகவும் இறாலுக்காகவும் அறியப்படும் சிற்றூர். 500 ஆண்டுகளுக்கு முன் அது சோழமண்டலக் கரையின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. விஜயநகர அரசின் காலத்தில் இங்கிருந்து துணி மலாக்காவுக்கும் பர்மாவின் பெகுவுக்கும் சென்றது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுக்கீசியரான துவார்த்தே பர்போசா, இத்துறைமுகத்தில் முஸ்லிம் வணிகர்கள் இருந்ததையும், பெகுவிலிருந்து வந்த மாணிக்கக் கற்கள் இங்கே மலிவாகக் கிடைத்ததையும் குறித்திருக்கிறார். 1610-இல் டச்சுக்காரர் இங்கே இடம் பிடித்தனர். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை அவர்களது சோழமண்டல வாணிபத்தின் தலைமையிடம் அதுவே. அக்காலத்தின் சுவடு ஒன்று நம் இடுப்பிலேயே இருக்கிறது. கட்டம் போட்ட கைலிக்கு 'பாளையக்கட்டு லுங்கி' என்று பெயர் வந்தது இவ்வூரால்தான். மலேசியாவில் தொழுகைக்குச் செல்லும் ஆண்கள் அதே துணியை இன்றும் 'கைன் பெலிகாட்' என்று அழைக்கிறார்கள். பெலிகாட் என்பது பழவேற்காட்டின் பெயர் கடல் கடந்து திரிந்த வடிவம்.

தம்மை அரபு வணிகர் வழியினர் எனக் கூறும் குடும்பங்கள் அவ்வூரில் உள்ளன. தமிழை அரபு எழுத்தில் எழுதும் வழக்கமும் அங்கே நெடுங்காலம் நீடித்தது. இத்தகைய கடல் வணிகக் குடும்பங்களில் ஆண் என்பவன் ஆண்டின் பெரும்பகுதி வீட்டில் இல்லாதவன். ஒரு பருவக்காற்றில் பாய்மரம் விரித்தவர், எதிர்க்காற்று எழும்வரை திரும்ப இயலாது. அந்த மாதங்களில் வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் ஓதல், கொடுக்கல் வாங்கல், வீட்டு மராமத்து அனைத்தும் பெண்களின் பொறுப்பு. தெற்கே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு மகளுக்கு உரியது, கணவன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வான் என்ற வழக்கம் உருவானதற்கும் இந்தக் கடல் வாழ்க்கைக்கும் தொடர்புண்டு. கடலுக்குச் சென்றவன் திரும்பாவிட்டாலும் மகளும் பேரப்பிள்ளைகளும் தெருவில் நிற்கக்கூடாது என்பதே அதன் உள்ளீடு. 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பது நம் வட்டாரத்தில் இன்று ஓர் ஏளனச் சொல். அதே கடற்கரையின் தென்பகுதியில், செல்வாக்கு மிக்க மரைக்காயர் குடும்பங்களில், அது இயல்பான மரியாதைக்குரிய வாழ்க்கை முறை. மார்க்கம் ஒன்றுதான், மத்ஹபும் ஒன்றுதான். மாறியது ஊர் மட்டுமே.

அக்காலக் கணவனிடம் ஷரீஅத் எதிர்பார்த்தது என்ன? 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியின் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) எழுதிய 'ஃபத்ஹுல் முஈன்' இன்றும் ஷாஃபிஈ மத்ரஸாக்களின் பாடநூல். கடல் வணிகம் செழித்த மலபார் கரையில் எழுதப்பட்ட நூல் அது. நஃபகா, அதாவது மனைவிக்கான வாழ்க்கைச் செலவு குறித்த பாடத்தில் ஷாஃபிஈ அறிஞர்களின் கணக்கு மிகத் துல்லியமானது. வசதியுள்ள கணவன் நாளொன்றுக்கு இரண்டு முத்து தானியம் கொடுக்க வேண்டும், நடுத்தரமானவன் ஒன்றரை முத்து, இல்லாதவன் ஒரு முத்து. (முத்து என்பது இரு கைகளைச் சேர்த்து அள்ளும் அளவு.) அளவுகோல் கணவனின் சக்தியே, அண்டை வீட்டான் வாங்கிய காரோ மச்சினன் கட்டிய மாடியோ அன்று. ஒவ்வொருவரும் தமக்கு அளிக்கப்பட்டதிலிருந்தே செலவு செய்யட்டும் என்ற அல்குர்ஆன் 65:7-இன் கட்டளையே இதற்கு அடிப்படை.

அதே மத்ஹபில், சமைப்பதும் துவைப்பதும் மனைவிமீது சட்டக்கடமை அல்ல. அவள் பிறந்த வீட்டில் பணியாளர் வைத்து வாழ்ந்தவளாயின், பணியாளரை ஏற்படுத்தித் தருவது கணவனின் கடமை. இந்தப் பாடம் வரும் நாளில் மட்டும் எந்த மாணவரும் தூங்குவதில்லை, "ஹஜ்ரத், இது உண்மையிலேயே கிதாபில் இருக்கிறதா?" என்று ஒருவரேனும் கேட்பார். இருக்கிறது. நல்ல பெண்மணிகள் மனமுவந்து செய்வதை ஊர்வழக்கு கடமையாக்கியது. ஊர்வழக்கைப் பின்னர் நாம் மார்க்கமாக்கிவிட்டோம்.

பொருள் அனுப்பினால் கடமை முடிந்தது என்றும் முன்னோர்கள் எண்ணவில்லை. உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, போர்க்களம் சென்ற கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் ஏக்கப் பாடலைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று வினவி, அதன்படி வீரர்களுக்கு வரம்பு வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஒரு பேரரசின் தலைவர், தம் மகளிடம் கேட்டுத்தான் ஆண்களின் கடமைக்குக் கால அளவு நிர்ணயித்தார் என்பதை நாம் போதிய அளவு சொல்லிக் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்ட காப்பியம். அதில் கதீஜா (ரலி) அவர்களின் திருமணம் விரிவாகப் பாடப்படுகிறது. அந்த மணமகள் யார்? பெரும் வணிகர். மணமகனார் (ஸல்) அவர்களோ, அவர்களது சரக்குடன் ஷாம் தேசம் சென்று, நேர்மையாகக் கணக்கு ஒப்படைத்த பொறுப்பாளர். மனைவியின் வருமானம் கணவனின் கண்ணியத்தைக் குறைக்கும் என்று சொல்வோர், இந்தப் பாடல்களைக் கேட்டுக் கொண்டே வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

திரும்பி வராதவர்கள்

சென்னையில் ஆங்கிலேயர் வேரூன்றியபின் பழவேற்காட்டின் துறைமுகம் மங்கியது. கப்பல் போனது, பயணம் போகவில்லை. தமிழ் முஸ்லிம் ஆண்கள் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் சென்று கடை வைத்தனர். சிலர் அங்கே இன்னொரு குடும்பமும் அமைத்தனர். சிலர் கடிதம் எழுதுவதை நிறுத்தினர். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. 1942-இல் இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கால்நடையாக வந்தோரில் பலர் வழியிலேயே மாண்டனர்.

கணவன் உயிருடன் இருக்கிறானா என்று தெரியாத, செலவுக்கும் வழியில்லாத பெண் என்ன செய்வது? அக்காலத்தில் இந்தியாவெங்கும் எழுந்த கேள்வி இது. ஹனஃபி மத்ஹபின் வழமையான சட்டத்தில், கணவன் செலவுக்குத் தரவில்லை என்பதற்காகத் திருமணத்தை ரத்துச் செய்ய வழியில்லை. ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளில் உண்டு. வழியற்ற பெண்கள் சிலர் நிக்காஹ்விலிருந்து விடுபடுவதற்காகவே மார்க்கத்தை விட்டு வெளியேறும் நிலை ஏற்பட்டபோது, மௌலானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) 1930களின் தொடக்கத்தில் 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்ற நூலில் மாலிகி மத்ஹபின் சட்டத்தை எடுத்தாள அனுமதி அளித்தார்கள். ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் ஒருவர், ஒரு பெண்ணின் துயரத்துக்காகத் தம் மத்ஹபின் வரம்புக்கு வெளியே சென்று தீர்வு தேடினார் என்பது சிறிய செய்தியன்று. அதன் தொடர்ச்சியாகவே 1939-இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. கணவன் 4 ஆண்டுகள் எங்கிருக்கிறான் என்றே தெரியாவிட்டால், 2 ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்காவிட்டால், மனைவி நீதிமன்றம் சென்று விடுதலை பெறலாம்.

'சம்பாதிக்கும் ஆண்' என்ற பிம்பத்தை நாம் பெரிதாகப் பேசுகிறோம். அந்தப் பிம்பம் எத்தனை வீடுகளில் பொய்த்திருந்தால் இப்படியொரு சட்டம் தேவைப்பட்டிருக்கும் என்று யோசிப்பதில்லை.

சபுரும் கைக்கூலியும்

1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் தொழிலாளர்களை அழைத்தன. பாய்மரம் போய் விமானம் வந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பு, அட்டைப்பெட்டி, டேப் ரெக்கார்டர், அத்தர், போர்வை. உமர் (ரலி) அவர்களின் மாதக்கணக்கை எவரும் நினைவூட்டவில்லை. ஊரில் மளிகைக்கடை வைத்து மாலையில் மனைவி மக்களுடன் இருந்தவரைவிட, ஜித்தாவில் இருப்பவரே 'பொறுப்பான ஆண்' என்ற மதிப்பீடு இக்காலத்தில்தான் நிலைபெற்றது.

இத்தோடு கைக்கூலியும் வளர்ந்தது. விசாவுக்குப் பணம், டிக்கெட்டுக்குப் பணம், பிறகு 'மாப்பிள்ளைக்கு மரியாதை' என்று பணம். மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்பது அல்குர்ஆன் 4:4-இன் தெளிவான கட்டளை. நாம் அதைத் தலைகீழாக்கினோம். மஹர் பதிவேட்டில் சிறு தொகையாகச் சுருங்கியது. கைக்கூலி பதிவேட்டில் ஏறாமலே பெருகியது. 1961-இன் வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியவர்கள்கூட இந்த வேறுபாட்டை அறிந்திருந்தனர். முஸ்லிம்களின் மஹர் வரதட்சணையாகாது என்று அச்சட்டத்திலேயே எழுதியுள்ளனர். சட்டம் இயற்றியவருக்குத் தெரிந்தது, சம்பந்தம் பேசியவருக்குத் தெரியவில்லை.

இந்த இழிவை எதிர்த்துத் தமிழகத்தில் எழுந்த குரல்களையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும். 1980களிலிருந்து கைக்கூலித் திருமணங்களுக்குச் செல்வதில்லை, அவ்விருந்தில் உண்பதில்லை என்று உறுதி எடுத்த இளைஞர்கள் பல ஊர்களில் தம் சொந்தக் குடும்பத்தாரின் கோபத்தைத் தாங்கினர். மஸ்அலா விஷயங்களில் அவர்களோடு மாறுபடுவோரும் இதில் அவர்களைப் பாராட்டவே வேண்டும். கைக்கூலி வாங்கியதை மீசை முறுக்கிச் சொல்லும் காலம் போய், வாங்கினாலும் மறைத்தே ஆகவேண்டிய காலம் வந்தது அவர்களால்தான்.

வளைகுடாவின் வாசலும் எப்போதும் திறந்திருக்கவில்லை. 1990-இல் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர் விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். 2011-இல் சவூதி அரேபியா தன் குடிமக்களுக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2020-இல் கொரோனா. திரும்பி வந்த ஆண்களுள் பலருக்கு வீட்டில் தமக்கென ஓரிடம் இல்லாதது அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் எதற்கும் தாயிடமே கேட்டனர். பணம் அனுப்பும் வரை 'குடும்பத் தலைவர்', பணம் நின்றபின் திண்ணையில் ஒரு நாற்காலி.

சங்கு ஊதும் ஊர்

சிப்காட் 1971-இல் தொடங்கப்பட்டது. இராணிப்பேட்டை, ஓசூருக்குப் பின் கும்மிடிப்பூண்டியிலும் அதன் வளாகம் அமைந்தது. சென்னையிலிருந்து மின்ரயில் வரும், கொல்கத்தா நெடுஞ்சாலை ஊரை ஒட்டிச் செல்லும், ஆந்திர எல்லை அருகில். இரும்பு உருக்கும் ஆலைகளும் வார்ப்பட ஆலைகளும் பெருகின. பின்னர் தேர்வாய் கண்டிகையில் இன்னொரு வளாகம். அங்கே டயர் தொழிற்சாலை.

வரலாறு இங்கே தலைகீழாகத் திரும்பியதை வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் காணலாம். ஆண்களைக் கப்பலேற்றி அனுப்பிய மாவட்டம் இப்போது ஆண்களை வாங்கிக்கொள்கிறது. பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த சகோதரர்கள் ஸஃப்புகளில் நிற்கிறார்கள். தொழுகை முடிந்ததும் பள்ளியின் வெளிச்சுவர் ஓரமாக நின்று வீடியோ அழைப்பில் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அவர்களே இன்றைய சபுராளிகள். நம் பாட்டன்மார் பெகுவிலும் பினாங்கிலும் எப்படி இருந்தார்களோ, அப்படி இவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை 'வடக்கன்' என்று நம் பிள்ளைகள் அழைக்கும்போது, பினாங்கில் நம் பாட்டனாரை என்ன பெயரிட்டு அழைத்திருப்பார்கள் என்ற எண்ணம் எழுகிறது.

உள்ளூர் இளைஞரின் நிலை வேறு. ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து ஒப்பந்த ஊழியராகச் சேர்கிறார். பெர்மனன்ட் ஆகும்வரை சம்பந்தம் அமைவதில்லை. பெர்மனன்ட் ஆவது அரிது. எட்டு மணி நேர வேலை என்று சட்டம் சொன்னாலும் ஓவர்டைம் சேர்ந்து பன்னிரண்டாகிறது. 2023 ஏப்ரலில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக நீட்டிக்க வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் அடுத்த சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். தனியார் ஆலைத் தொழிலாளிக்கு, குழந்தை பிறந்தால் தந்தைக்குரிய விடுப்பு என்று சட்டப்படி ஒருநாள்கூட இல்லை. வீட்டில் இருக்கும் தந்தையை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவர் வீட்டில் இருக்கும் நேரத்தை எவரும் தருவதில்லை.

பெண்களின் வேலை இங்கே புதிதன்று. பழவேற்காட்டின் முஸ்லிம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பனையோலைப் பெட்டியும் கூடையும் முடைந்து வருமானம் ஈட்டி வந்துள்ளனர். 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம், பெண்கள் ஆலைகளில் இரவுப் பணி செய்வதைத் தடுத்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் செல்லாது என்றது. 2006-இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலையில் பெரும்பாலும் இளம்பெண்களே பணியாற்றினர். சுற்று மாவட்டங்களின் கிராமங்களுக்கெல்லாம் கம்பெனிப் பேருந்துகள் சென்றன. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டபோது, அந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்கள் எத்தனை என்பது தெரிய வந்தது. மகளின் சம்பளம் என்றால் கைச்செலவுக்கு என்று அதுவரை சொல்லி வந்தவர்கள், அது வீட்டைத் தாங்கிய தூண் என்பதை அது விழுந்தபின் உணர்ந்தனர்.

ஆக, கணவன் இரவு ஷிப்ட், மனைவி பகல் ஷிப்ட் என்ற வீடுகள் இப்போது நம்மிடையே உண்டு. அவள் வருவதற்கும் அவன் போவதற்கும் இடையே அரைமணி நேரம். அந்த அரைமணியில் பிள்ளை கைமாறுகிறது. அந்த வீட்டில் சோறு வடிப்பது யார் என்ற கேள்விக்கு, 'அது பொம்பளை வேலை' என்ற பதில் பொருளற்றது. பெருமானார் (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்றுதான் ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள் (புகாரி). தாடியையும் தலைப்பாகையையும் சுன்னத் என்று பேணும் நாம், இந்த சுன்னத்தை அடுப்படி வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

இன்னும் முக்கியமானது மனைவியின் சம்பளம். ஏ.டி.எம். அட்டையைக் கணவனோ மாமியாரோ வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கு ஜமாஅத்துக்கு வருகிறது. அவர்கள் சொல்லும் நியாயம்: "வேலைக்குப் போக நாங்கள்தானே அனுமதித்தோம்." இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) வசதியுள்ளவர், கணவரோ வறியவர். தம் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று பிலால் (ரலி) வழியாக அவர் கேட்டனுப்பினார். இரட்டை நன்மை உண்டு, உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று என்று நபி (ஸல்) பதிலளித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). இந்த ஹதீஸை மனைவியின் பணத்தைக் கேட்பதற்கு ஆதாரமாகச் சிலர் ஓதுகிறார்கள். அது கூறுவது நேர்மாறானது. தர்மம் என்பது கொடுப்பவரின் மனவிருப்பம். வாங்குபவரின் உரிமை அல்ல. உரிமையாக இருந்திருந்தால் அதற்கு தர்மத்தின் நன்மை கிடைத்திருக்காது. அல்குர்ஆன் 4:34 ஆணுக்கு வழங்கும் பொறுப்பு, அவன் செலவு செய்வதோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. செலவை மனைவிமீது ஏற்றிவிட்டுத் தலைமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வோன் அந்த வசனத்தைப் பாதியாக ஓதுகிறான். மனைவி வீட்டுக்குத் தரும் ஒவ்வொரு ரூபாயும் அவளது உபகாரம். அந்த உபகாரத்துக்கு நன்றியாகத் துவைப்பதும் தொட்டிலாட்டுவதும் ஆணின் தகுதிக்குக் குறைவு என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை.

இளைஞர்கள் தாமே துணை தேடுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒரே பேருந்து, ஒரே கேன்டீன், கையில் போன். வழிதவறிய உறவுகள் குறித்த பெரியவர்களின் கவலை நியாயமானது. தனித்திருத்தலை மார்க்கம் தடுத்ததும் தெளிவு. ஆயினும் நம்மவர் ஒன்றை மறைக்கிறார்கள். பெண்ணைப் பாராமல் நிக்காஹ் பேசிய முகீரா (ரலி) அவர்களைப் போய்ப் பார்த்துவருமாறு நபி (ஸல்) அனுப்பினார்கள். அதுவே இருவரிடையே இணக்கத்துக்கு வழி என்றார்கள். விருப்பமின்றித் தந்தை மணமுடித்து வைத்த கன்ஸா (ரலி) அவர்களின் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். ஹலாலான வாசலை, சம்பளச் சீட்டும் குலப்பெருமையும் காட்டிப் பெற்றோர் அடைத்துவிட்டு, பிள்ளை வேலி தாண்டியது என்று அழுவதில் பொருளில்லை. முப்பத்திரண்டு வயதுவரை 'இன்னும் பெர்மனன்ட் ஆகவில்லை' என்று மணம் மறுக்கப்படும் இளைஞனிடம் பார்வையைத் தாழ்த்து என்று மட்டும் பயான் செய்வது எளிது.

ஆண்மகனின் தகுதி குறித்து அல்குர்ஆனில் ஒரு பெண்ணின் சொல்லே பதிவாகியுள்ளது (28:23-28). மூஸா (அலை) எகிப்திலிருந்து தப்பி மத்யன் வருகிறார்கள். ஊர் இல்லை, வேலை இல்லை, உறவு இல்லை. ஆடுகளுக்கு நீர் புகட்டக் காத்திருந்த இரு பெண்களுக்கு, கூலி எதுவும் கேட்காமல் உதவிவிட்டு நிழலில் ஒதுங்குகிறார்கள். அப்பெண்களுள் ஒருவர் தந்தையிடம் அவரை வேலைக்கு அமர்த்தச் சொல்லும்போது எடுத்துரைப்பவை இரண்டே: வலிமை, நம்பகத்தன்மை. தந்தை மகளைத் தர முன்வருகிறார். எட்டு ஆண்டு உழைப்பு நிபந்தனையாகிறது, விரும்பினால் பத்து. இன்றைய நம் சபையில் அந்த மாப்பிள்ளை 'கான்ட்ராக்ட்' என்ற பட்டியலில்கூட வரமாட்டார். உடுத்திய வேட்டியைத் தவிர ஏதுமில்லாத தோழருக்கு, அவர் மனனமிட்ட குர்ஆனையே மஹராக்கி நிக்காஹ் முடித்து வைத்த நபியின் (ஸல்) உம்மத் நாம்.

இப்போது சில பெண் பிள்ளைகள், நிக்காஹ்வுக்கு முன் தம் வலீ மூலமாக நிபந்தனைகளை எழுதிக் கேட்கிறார்கள்: வேலையைத் தொடர்வேன், சம்பளம் என் பொறுப்பில் இருக்கும், மகப்பேறு முடிந்து ஷிப்டுக்குத் திரும்பும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் அவருக்கும் பங்கு உண்டு. சில முத்தவல்லிமார் இதைப் புதுக்கலாச்சாரம் என்று ஒதுக்குகின்றனர். நிறைவேற்றத் தகுதியான நிபந்தனைகளுள் முதன்மையானவை நிக்காஹ்வை ஹலாலாக்கிய நிபந்தனைகளே என்பது உக்பா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (புகாரி). இத்தகைய நிபந்தனையை மீறினால் மனைவிக்குப் பிரியும் உரிமை உண்டு என்பது ஹன்பலி மத்ஹபின் கருத்து. மற்ற மத்ஹபுகள் அந்த அளவுக்குச் செல்லவில்லை. நம் வட்டாரத்தில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு பள்ளிகளிலும் பதிவேட்டில் எதை எழுதலாம், எப்படி எழுதலாம் என்பதை, இன்ஷா அல்லாஹ், ஷவ்வால் மாத நிக்காஹ்கள் தொடங்குமுன் தனியே எழுதுகிறோம். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்போர் அந்நிபந்தனைகளை இப்போதே ஒரு தாளில் எழுதி, பந்தலில் அல்லாமல், இரு வீட்டாரும் நிதானமாக இருக்கும் ஒரு மாலையில் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள்.